தண்ணீர் தாங்கிய உடம்பு

என் அக்காவைப் பற்றிச் சொல் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவளுடைய முதுகுதான், முகம் அப்புறம். நீச்சல் குளத்தின் ஓரத்தில் விசிலைக் கடித்துக்கொண்டு அவள் நிற்கும்போது, கழுத்திலிருந்து இடுப்புவரை கோடு போட்டு வரைந்தது மாதிரி இருக்கும். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் தங்கள் பெண்களைத் தட்டி, "அவளைப் பாரு, எப்படி நிக்கறா பாரு" என்பார்கள். பக்கத்திலேயே நானும் நிற்பேன். என்னைப் பார் என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

நான் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று கத்தியே தொண்டை தடித்துப்போனது. அதனால் என் பேச்சில் நயம், நளினம் எல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். மனசில் பட்டதைச் சொல்லிவிடுவேன்.

எங்கள் அப்பா அந்தக் குளத்தில் டிக்கெட் கிழிப்பவர். கூரை போட்ட குளம். உள்ளே நுழைந்ததும் குளோரின் வாடை மூக்கில் ஏறும். சுவர் முழுக்க வெள்ளை டைல்ஸ், மேலே குழல் விளக்குகள், பேசினால் நாலு பக்கமிருந்தும் பேச்சு திரும்பி வரும். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் நாங்கள் இருவரும் போவோம். நான் தண்ணீரைக் கண்டாலே நாலடி பின்னால் போவேன். அக்கா ஒரு நாள் போட்டிருந்த பாவாடையோடு குதித்துவிட்டாள். அப்பா அடிக்கக் கையை ஓங்கியவர், அவள் மறுகரையில் போய் ஏறியதைப் பார்த்துவிட்டு, ஓங்கிய கையைத் தலையைச் சொறிவதற்குப் பயன்படுத்திக்கொண்டார்.

அன்றிலிருந்து அவள் தண்ணீரின் சொத்து. பள்ளிக்கூடத்துக்காகப் போட்டிகளில் நீந்தினாள், பிறகு அதே குளத்தில் நீச்சல் சொல்லிக் கொடுக்கிற வேலையில் சேர்ந்தாள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் விசில் டீச்சர். சூரியன் வருவதற்கு முன்னால் உள்ளே போவாள், அது போன பிறகு வெளியே வருவாள். தரையில் அவள் நடை பார்க்கச் சகிக்காது, வாத்து மாதிரிதான் நடப்பாள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் கடைக்குக்கூட ரிக்‌ஷா கூப்பிடுவாள். "என் கால் தண்ணிக்குன்னே செஞ்சதுடி" என்பாள். மெலிந்த உடம்பு, அதை இன்னும் மெலிதாக வைத்துக்கொள்ள அரை வயிறுதான் சாப்பிடுவாள். பால் வாசனையே ஆகாது. காபி மட்டும் எத்தனை முறை கொடுத்தாலும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

நாற்பதைத் தாண்டிய கொஞ்ச நாளிலேயே அவளுக்கு மாதவிலக்கு நின்றுபோனது. மற்ற பெண்கள் அதற்கு டாக்டரிடம் போவார்கள். இவள் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள். இனிமேல் மாதம் முழுக்கத் தண்ணீரில் இறங்கலாம், கணக்குப் பார்க்க வேண்டாம் என்று அவ்வளவு சந்தோஷம். நானும் வெட்கமில்லாமல் அந்த ஐஸ்கிரீமைச் சாப்பிட்டேன். அது எலும்புக்கு விழுந்த முதல் அடி என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் முதுகு வளைய ஆரம்பித்தது. வலிக்கிறது என்பாள், தைலம் தேய்ப்போம். வயசானால் கூனத்தானே செய்யும் என்று எல்லோரும் சொன்னார்கள், நாங்களும் சொன்னோம். ஒரு மத்தியானம் சமையலறையில் கரித்துணியை எடுக்கத் திரும்பியவள் கால் பின்னி விழுந்தாள். பெரிய விழுகைகூட இல்லை, உட்கார்ந்த மாதிரிதான் விழுந்தாள். இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. அக்கா தோளைப் பிடிக்க, நான் காலைப் பிடிக்கத் தூக்கிக் கட்டிலில் போட்டோம். அப்புறம் அந்தக் கட்டிலை விட்டு அம்மா எழுந்திருக்கவே இல்லை. அந்த வருஷம் முடிவதற்குள் போய்விட்டாள். அக்கா அன்றைக்கு என்னிடம் சொன்னது, "நான் இப்படிப் படுக்க மாட்டேன்டி. என்னைத் தண்ணி பாத்துக்கும்." அவள் அதை முழுசாக நம்பினாள்.

இப்போது மோட்டார்காரர் சண்டைக்கு வருகிறேன். குளத்தின் மோட்டார், குழாய், வடிகட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற மனிதர் ஒருத்தர் இருந்தார். சாது. அறுபதை நெருங்கும்போது அக்கா அவர்மேல் ஒரு புகார் கிளப்பினாள். தினமும் குளத்தில் தண்ணீரை அதிகமாக நிரப்புகிறாராம். குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஆழமில்லாத பக்கத்தில் அவள் எப்போதும் ஒரே இடத்தில்தான் நிற்பாள். அங்கே தண்ணீர் அவளுக்கு நெஞ்சு மட்டத்தில் இருக்கும். இப்போது அக்குளைத் தொடுகிறது. சின்னக் குழந்தைகள் மூழ்கினால் யார் பதில் சொல்வது என்று மனிதரை ஒரு பிடி பிடித்தாள்.

அவர் பாவம், அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் குளத்தின் ஓரத்தில் இருக்கும் வாய்க்காலைக் காட்டினார். தண்ணீர் அந்த மட்டத்துக்கு மேல் ஏறினால் தானாக வழிந்து போய்விடும், தலைகீழாக நின்றாலும் ஒரு விரல்கூட அதிகமாக நிரப்ப முடியாது என்றார். அக்கா அசைந்து கொடுக்கவில்லை. வாய்க்காலில் எதையோ அடைத்து வைத்திருக்கிறார் என்றாள். மேனேஜர்வரை போனாள். வீட்டுக்கு வந்து என்னிடமும் அதையே ஓதினாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? அந்த ஆளுக்குக் கொழுப்பு, விடாதே என்றேன். கூடப்பிறந்தவளுக்குப் பரிந்து பேசாமல் வேறு யாருக்குப் பேசுவது?

மாதக்கணக்காக அந்தச் சண்டை ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு சாயங்காலம், குளத்தில் கட்டியிருக்கும் மிதவைக் கயிற்றைக் குனிந்து இழுத்துச் சுருட்டும்போது அவள் முதுகில் சுளீர் என்றது. மூச்சுப் பிடிப்பு என்று நினைத்தாள். அதற்கு அவள் கண்டுபிடித்த வைத்தியம் நீச்சல். வலிக்க வலிக்க நீந்தினாள். தண்ணீரில் இருக்கும்வரை வலி தெரியாது, படி ஏறி வெளியே வந்ததும் உயிர் போகும். அதனால் வெளியே வருவதையே குறைத்துக்கொண்டாள். ஒரு நாள் படியில் பாதி ஏறியவள் அப்படியே நின்றுவிட்டாள். மோட்டார்காரர்தான் ஓடிப் போய்ப் பிடித்து உட்கார வைத்து எனக்குப் போன் செய்தார்.

ஆஸ்பத்திரியில் முதலில் உயரம் பார்த்தார்கள். நர்ஸ் அளந்து சொன்னதும் அக்கா தப்பு என்றாள். மறுபடி அளந்தார்கள். பழைய வேலை அட்டையில் இருந்ததைவிட நாலு விரல் குறைவு. அந்த நிமிஷத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். நர்ஸுக்கு ஒன்றும் புரிந்திருக்காது, எனக்குப் புரிந்தது. தண்ணீர் ஏறவில்லை, இவள்தான் இறங்கியிருக்கிறாள்.

எக்ஸ்ரேயில் முதுகெலும்பின் கட்டைகளில் இரண்டு நசுங்கியிருந்தன. ஒன்று புதுசு. இன்னொன்று எப்போதோ நசுங்கியது, அவளுக்கே தெரியாமல். பிறகு எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் ஸ்கேன் எடுத்தார்கள். படுக்க வைத்து மேலே ஒரு கை மாதிரி நகரும், அவ்வளவுதான், வலி கிடையாது. டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. படத்தைக் காட்டி, எலும்பு என்பது ஒரு தடவை கட்டி முடித்த சுவர் இல்லை, வாழ்நாள் முழுக்க உள்ளே இடித்துக் கட்டும் வேலை நடந்துகொண்டே இருக்கும், வயது ஏற ஏறக் கட்டுவதைவிட இடிப்பது அதிகமாகிவிடும் என்று விளக்கினாள். மாதவிலக்கு சீக்கிரம் நின்றால் அது இன்னும் வேகமாகும். மெலிந்த உடம்பு, வெயில் படாத வாழ்க்கை, அரை வயிற்றுச் சாப்பாடு, அம்மாவின் இடுப்பு எலும்பு, எல்லாம் சேர்ந்து வந்த வினை என்றாள்.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நான் தினமும் நீந்தறேனே?"

டாக்டரம்மா படத்தைக் கீழே வைத்தாள். "நீச்சல் ரொம்ப நல்லதும்மா. இதயத்துக்கு, மூச்சுக்கு, தசைக்கு எல்லாத்துக்கும். ஆனா தண்ணி உங்களத் தாங்கிக்கிட்டே இருந்திருக்கு. எலும்புக்கு, தாங்குற வேலையே அவ்வளவா வரல. எடையத் தாங்கினாத்தான் அது கெட்டிப்படும்."

அம்மாவின் முதுகு வளைந்தது வயசால் இல்லை, உள்ளே ஒவ்வொரு கட்டையாக நசுங்கித்தான் என்று டாக்டரம்மா சொன்னபோது அழுதது நான்தான். தைலம் தேய்த்தோமே, வெறும் தைலம்.

வீட்டுக்கு வந்தவள் நீச்சல் உடையைச் சுருட்டிப் பரணில் போட்டாள். விசிலைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டாள். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பிரிக்கவே இல்லை. எல்லோரும் அவளுக்கு வலி என்று நினைத்தார்கள். வலிதான், ஆனால் அது முதுகில் இல்லை. கட்டிக்கொண்டவன் துரோகம் செய்துவிட்டால் ஒருத்தி எப்படி இருப்பாளோ அப்படி இருந்தாள். யாருக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை. விழுந்துவிடுவோமோ என்று பயந்து, நாற்காலியிலிருந்து கட்டில், கட்டிலிலிருந்து நாற்காலி. அப்படி உட்கார்ந்தே இருந்தால் எலும்பும் தசையும் இன்னும் வேகமாகக் கரையும், அம்மா போன வழிதான் என்று டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

மோட்டார்காரர் ஒரு நாள் பார்க்க வந்தார். அக்கா அவரிடம் மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். அவளா கேட்பாள்? "வாய்க்கால்ல அடைப்பு எடுத்தாச்சா?" என்றாள். மனிதர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, எடுத்தாச்சு டீச்சர், இப்ப தண்ணி சரியான மட்டத்துல இருக்கு என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். பல வாரத்துக்கப்புறம் அவள் சிரித்தது அன்றைக்குத்தான். இப்போது விட்டால் அப்புறம் பிடிக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது.

அந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு தடவை போடுவது. காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு. போட்ட பிறகு அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, முக்கியமாகப் படுக்கக் கூடாது, படுத்தால் தொண்டைக் குழாயைப் புண்ணாக்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நான் போய் அவள் கட்டில் பக்கத்தில் டம்ளரோடு நின்றேன். வேண்டாம் என்றாள். நான் நின்றேன். கத்தினாள், நான் நகரவில்லை. வாழ்நாள் முழுக்க ஓடுகிற பஸ்ஸில் நின்றவளை நின்று ஜெயிக்க முடியுமா?

"ஏன்டி உயிர வாங்கறே?"

"அம்மாவ நாம ரெண்டு பேரும் தூக்கினோம். உன்ன நான் தனியா எப்படித் தூக்குவேன்?"

மாத்திரையை வாயில் போட்டு, டம்ளரை வாங்கிக் குடித்தாள். குடித்துவிட்டுப் படுக்கப் போனவளைப் பிடித்து நிறுத்தி, அந்த அரை மணியை என்ன செய்வது என்று தெரியாமல் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். அப்படித்தான் எங்கள் நடை ஆரம்பித்தது.

என் வாழ்க்கையில் நல்ல காலம் எது என்று இப்போது கேட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் சொல்வேன். முதலில் வாசலிலிருந்து தெருமுனை விளக்குக் கம்பம் வரைக்கும்தான். என் தோளைப் பிடித்துக்கொண்டு வருவாள். பால் வண்டி போகும், பேக்கரியில் ஷட்டரைத் தூக்குவார்கள், ரொட்டி வாசனை வரும், ஆனால் சாப்பிட முடியாது. அந்தப் பசியை மறக்கத்தான் பேச ஆரம்பித்தோம். அப்பா டிக்கெட் கிழிக்கும்போது நாக்கைத் துருத்துவது, அம்மா எங்களுக்கு ஒரே சீப்பை வைத்துத் தலை வாரிவிட்டுக் கொடுத்த குட்டுகள், நான் பஸ்ஸில் ஒரு மாப்பிள்ளையை அவன் கல்யாணத்துக்கே இறங்கவிடாமல் அடுத்த நிறுத்தத்துக்குக் கொண்டு போனது. இத்தனை வருஷமும் அவள் தண்ணீரில், நான் பஸ்ஸில். ஒரே ஊரில் இருந்துகொண்டு நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அக்கா எனக்குத் திரும்பக் கிடைத்த காலம் அது.

வாரம் ஒரு நாள் நடை தினசரி நடையானது. ஒரு தெரு இரண்டானது, பிறகு பூங்காவைச் சுற்றி, பிறகு மேட்டுத் தெருவின் படிக்கட்டு. உடற்பயிற்சி சொல்லித் தருகிற பெண் ஒருத்தி வந்து, சுவரில் சாய்ந்து நிமிர்வது, நாற்காலியைப் பிடிக்காமல் எழுந்து உட்காருவது, ஒற்றைக் காலில் நிற்பது, கையில் சின்ன எடை தூக்குவது எல்லாம் பழக்கினாள். குனிந்து எதையும் தூக்கக் கூடாது, முழங்காலை மடக்கி உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும் என்று கண்டிப்பு. ஒற்றைக் காலில் நிற்க அக்கா பட்ட பாட்டைப் பார்த்து நான் சிரித்தேன். நீ நில் பார்க்கலாம் என்றாள். நின்று காட்டினேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

சாப்பாட்டில் தயிர் வந்தது, கீரை வந்தது, முள்ளோடு மென்று சாப்பிடும் சின்ன மீன் வந்தது, முட்டை வந்தது. பாலை மட்டும் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. காபியைக் குறைக்கச் சொன்னதற்கு டாக்டரம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுக் குறைத்தாள். சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் வெயில் சத்தான வைட்டமின் டி மாத்திரையும் தனியாக. வீட்டில் நான் புகுந்து விளையாடினேன். வழுக்கும் மிதியடியைத் தூக்கி எறிந்தேன், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்தேன், தரையில் ஓடிய ஒயரையெல்லாம் சுவரோடு சேர்த்து ஒட்டினேன். அடுத்து அவள் என்மேல் பாய்ந்தாள். ஒரே வயிற்றில் பிறந்தவள் நீயும் போய் ஸ்கேன் எடு என்று இழுத்துக்கொண்டு போனாள். எனக்கும் எலும்பு கொஞ்சம் மெலிந்துதான் இருந்தது. மாத்திரை போடும் அளவுக்கு இல்லை, நடையை விடாதே என்றார்கள். அக்காவுக்கு அதில் ஒரு திருப்தி. கெட்ட எண்ணம் இல்லை, துணை கிடைத்த திருப்தி.

அடுத்த வருஷம் பரணிலிருந்து நீச்சல் உடை இறங்கியது. டாக்டரம்மா ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. கோபித்துக்கொண்டு போனது இவள்தானே. ஈரத் தரைக்கு வழுக்காத ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். குளத்தின் படியில் மெதுவாக இறங்கி, தண்ணீர் அக்குளைத் தொட்டதும் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். நான் ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்தேன். சில விஷயங்களைப் பார்க்கக் கூடாது.

சில வருஷம் போன பிறகு ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, அடர்த்தி குறையவில்லை, கொஞ்சம் ஏறியும் இருக்கிறது, மாத்திரையை இப்போதைக்கு நிறுத்திவிட்டுக் கவனித்துப் பார்க்கலாம் என்றாள். உயரம் மட்டும் திரும்பி வராது. இழந்தது இழந்ததுதான். மாத்திரை இல்லாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் போவதை நிறுத்தவில்லை.

போன மாதம் அப்படிப் போனபோதுதான் அது நடந்தது. லேசாகத் தூறியிருந்தது. பேக்கரியைத் தாண்டும்போது அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, என் நடை இப்போது வாத்து மாதிரி ஆகிவிட்டது என்று கேலி செய்தாள். பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் நடைபாதையின் விளிம்பில் கால் மடங்கி, பக்கவாட்டில் தரையில் விழுந்தாள். இடுப்பு தரையில் மோதின சத்தம் எனக்குக் கேட்டது.

எனக்குத் தெரு தெரியவில்லை. சமையலறைதான் தெரிந்தது. கரித்துணி தெரிந்தது. "அசையாதே, அசையாதே" என்று கத்தினேன், அல்லது கத்தியதாக நினைத்துக்கொண்டேன். பேக்கரிக்காரன் ஓடி வந்தான். அக்கா கையை நீட்டி அவனை நிறுத்தினாள். முதலில் பாதத்தை அசைத்தாள். பிறகு முழங்காலை மடக்கினாள். பிறகு இடுப்பை. ஒவ்வொன்றையும் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது மாதிரி நிதானமாகச் செய்து பார்த்தாள். பிறகு புரண்டு முட்டி போட்டு, விளக்குக் கம்பத்தைப் பிடித்து, எழுந்து நின்றாள்.

எதற்கும் இருக்கட்டும் என்று அன்றைக்கே படம் எடுத்துப் பார்த்தோம். முழங்கையில் சிராய்ப்பு, தொடையில் ஒரு கன்றல், அவ்வளவுதான். மாத்திரையா, நடையா, தயிரா, அதிர்ஷ்டமா, எது காப்பாற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது என்றாள் டாக்டரம்மா. எதுவாக இருந்தால் எனக்கென்ன?

ஆனால் அந்த நிமிஷம் இதெல்லாம் எனக்குத் தெரியாதே. நான் ஈர நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கண்டக்டர் வேலையில் ஒரு நாள்கூட அழாதவள், பேக்கரிக்காரன் முன்னால் ஓவென்று அழுதேன். நிமிர்ந்து பார்த்தால் அக்கா மேலே நின்றுகொண்டிருந்தாள். சேலையில் சேறு, நாலு விரல் குறைந்த அதே முதுகு, ஆனால் நிமிர்ந்து. கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை என் பக்கம் நீட்டினாள்.

"விழுந்தவ நானு. நீ ஏன்டி தரையில உக்காந்திருக்கே? எழுந்திரு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.